பூட்டுக்குள் இருந்த எழுத்துகள்

காஞ்சிபுரத்தில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஒரு டி.டி.பி. கடை நடத்தினோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் உற்சவ நோட்டீஸ், பட்டுக் கடைகளுக்குப் பில் புத்தகம் என்று எது வந்தாலும் தட்டச்சு செய்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்குக் கொடுப்போம். எழுத்து வேலை என்னுடையது. வாடிக்கையாளரிடம் பேசுவதும் அச்சகத்தாரோடு மல்லுக்கட்டுவதும் அவளுடையது. என் கணவரின் தங்கை என்பதால் அவளுக்கு நான் அண்ணி. ஆனால் கடைக்குள் வந்துவிட்டால் அவள் சொல்வதைத்தான் நான் கேட்பேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. வியாபாரம் அவளுக்குத்தான் வரும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. பேருந்து நிலையத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் சென்டர் பலகைகள். சில மாதம் படித்தால் போதும், விமானத்தில் ஏற்றிவிடுவோம் என்பது போல எழுதி வைத்திருப்பார்கள். மென்பொருள் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வெளிநாட்டுக்குப் போகிற வழி. எனக்கு அது பிழைப்புக்கான சாமான், அவ்வளவுதான். யார் செய்தது, உள்ளே எப்படி இருக்கும் என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

நாங்கள் வைத்திருந்த தமிழ் மென்பொருளைச் சென்னையில் ஒரு சிறிய நிறுவனம் செய்து விற்றது. எழுத்துருக்கள் அழகாக இருக்கும். பத்திரிகையின் தலைப்பில் போடும் கொழுத்த எழுத்துக்காகவே எங்களைத் தேடி வருபவர்கள் உண்டு. வாங்கியபோது கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். பிரிண்டர் வயர் செருகும் இடத்தில் முதலில் அதைச் செருக வேண்டும், அதற்கு மேல்தான் வயர். நாங்கள் அதை 'லாக்' என்போம். அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. வேறு யாரும் காப்பி எடுத்து ஓட்டக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பாடுபட்டுச் செய்தவனுக்குப் பலன் போய்ச் சேர வேண்டாமா? இன்றைக்கும் அந்த எண்ணத்தை நான் முழுக்க விட்டுவிடவில்லை.

அந்த வருடம் எங்களிடம் ஒரு பெரிய வேலை இருந்தது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். சமஸ்கிருத ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருமாள் புறப்பாடு எந்தத் தெருவில் எங்கே நிற்கும், எந்த மண்டகப்படியில் என்ன நிவேதனம், குடை பிடிக்கிறவர்களுக்கு என்ன மரியாதை என்று தாம் பார்த்ததையும் கேட்டதையும் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து, அடித்த தாள்களைப் பச்சை மையில் திருத்துவார். பாதி திருத்தம் கிரந்த எழுத்துகளுக்காகவே இருக்கும்.

"இந்த க்ஷ-வைப் பாருங்கோ. வயிறு ஒட்டிப் போயிருக்கு. பட்டினி போட்டேளா?" என்பார்.

அதற்காக நான் எழுத்துருவை மாற்றி, அளவைக் கூட்டி, மறுபடி எடுத்துக் காட்டுவேன். வைகாசி கருட சேவைக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பங்குனி முடிவதற்குள் முக்கால்வாசி அடித்துத் திருத்தியும் ஆகிவிட்டது.

ஒருநாள் காலை மின்சாரம் போய்ப் போய் வந்தது. நாத்தனார் கணினியைப் போட்டாள். தமிழ் மென்பொருளைத் திறந்தால், லாக் இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. கழற்றித் துடைத்தோம், ஊதினோம், மறுபடி செருகினோம். இன்னொரு கணினியில் போட்டுப் பார்த்தோம். பழக்கமான சர்வீஸ்காரர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ள கருகியிருக்குது" என்றார். எங்களுடைய பழைய வேலை அத்தனையும், பெரியவரின் புத்தகம் உட்பட, அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற கோப்புகளாகக் கணினியில் கிடந்தன.

விற்ற நிறுவனத்தின் தொலைபேசி எண் வேறு யாருக்கோ போயிருந்தது. நாங்கள் இருவரும் பேருந்து ஏறிச் சென்னைக்குப் போனோம். பழைய முகவரியில் அதே மாடி, அதே படிக்கட்டு. ஆனால் உள்ளே வரிசையாக இளம் பையன்களும் பெண்களும் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஆங்கிலம் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அப்போது கால் சென்டருக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருந்த காலம். நிறுவனம் அந்தப் பயிற்சிக்கு மாறிவிட்டது.

மேலாளராக இருந்தவர் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர். மேசை இழுப்பறையைக் கவிழ்த்துப் பழைய லாக்குகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒன்றும் வேலை செய்யவில்லை.

"தமிழ் ப்ராடக்ட்டை நிறுத்திட்டோம் மேடம். வாங்குறவங்க கம்மி, காப்பி அடிக்கறவங்க ஜாஸ்தி" என்றார்.

"நிறுத்துனா நிறுத்திட்டுப் போங்க சார். லாக் இல்லாம தொறக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்களேன். அதை எழுதினவரு இருப்பாரு இல்ல?" என்று நாத்தனார் கேட்டாள்.

"அவர் எப்பவோ சிங்கப்பூர் போயிட்டாரும்மா. சோர்ஸ் கோடு இருந்த மிஷினும் போயிடுச்சு. எங்ககிட்டயே இல்ல."

சோர்ஸ் கோடு என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அங்கேதான். மென்பொருளை மனிதர்கள் எழுதிய வடிவம் அது என்றும், எங்களிடம் விற்றது இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற வடிவம் என்றும் அவரே விளக்கினார். எழுதிய வடிவம் தொலைந்துவிட்டால் செய்தவர்களாலேயே அதைத் திருத்த முடியாதாம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நானும் நாத்தனாரும் பேருந்தில் திரும்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகு, "வித்தவன்கிட்டயே சாவி இல்ல அண்ணி. இத்தனை வருஷம் நம்ம எந்த நம்பிக்கையில அதுக்குள்ள எல்லாத்தையும் போட்டு வெச்சிருந்தோம்?" என்றாள். 

பெரியவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வந்த அன்று கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர், தம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை மாதிரி பார்க்க மகளோடு வந்திருந்தார். அந்தப் பெண் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். வாரக் கடைசியில் மட்டும் ஊருக்கு வருவாள்.

நான் சொன்னதைக் கேட்டுப் பெரியவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ என் புஸ்தகம் இப்போ எங்கே இருக்கு?"

"உள்ளதான் இருக்குது சாமி. தொறக்கத்தான் முடியல. தாள்ல இருக்கறத வெச்சு மறுபடி அடிச்சுடறேன்."

"மறுபடியா? மறுபடி தப்பு வரும். மறுபடி நான் திருத்தணும். என் கண்ணு இருக்கற லட்சணத்துக்கு அது முடியுமா?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பச்சைப் பேனாவைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தப் பெண் பத்திரிகை மாதிரிகளைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, அந்த ஃபைலை நான் ஒரு தடவை பாக்கலாமா?"

அவளுடைய அப்பா, "ஏம்மா, பத்திரிகை பாக்க வந்தியா, பொட்டி பாக்க வந்தியா?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே என் இடத்தில் உட்கார்ந்தாள்.

நோட்பேட் போல வேறு ஏதோ சாதாரண மென்பொருளில் கோப்பைத் திறந்தாள். திரை முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்கல். அதை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள்.

"பாருங்க, இந்த மூணு குறியும் திரும்பத் திரும்ப வருது. பூட்டு வாசக்கதவுக்குத்தான் அக்கா. உள்ள இருக்கற எழுத்துக்குப் பூட்டு போடல. எந்தக் குறி எந்த எழுத்துன்னு அவங்க இஷ்டத்துக்கு வெச்சிருக்காங்க, அவ்ளோதான். அது நமக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்திடலாம். அதுக்கு ஒரு புரோகிராம் நான் எழுதறேன். குறிக்கு எழுத்து நீங்க சொல்லணும்."

யூனிகோடு என்பது எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஏற்பட்ட எழுத்து முறை என்று விளக்கினாள். ஒரு கம்பெனி மூடிவிட்டால் எழுத்தும் சேர்ந்து மூடிக்கொள்ளாது என்பதுதான் எனக்குப் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

"ஆனா ஒண்ணு. முடிஞ்சதும் சோர்ஸோட நெட்ல போட்டுடுவேன். யாரு வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்" என்றாள்.

நாத்தனார் பில் புத்தகத்தை மூடி வைத்தாள். "இன்னாம்மா சொல்ற? எங்க அண்ணி உக்காந்து ஒவ்வொரு எழுத்தா கண்டுபிடிச்சு சொல்லுவாங்க, அதை நீ ஊருக்கே குடுத்துடுவியா? அடுத்த தெரு பிரஸ்காரன் வெச்சிருக்கறதும் இதே சாஃப்ட்வேர்தான். அவனும் எடுத்துப்பான்."

"எடுத்துக்கட்டுமே."

"அவன் எங்களுக்கு இன்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணலதான். நான் வேலை கத்துக்கிட்டதே யாரோ இப்படி எழுதித் தொறந்து வெச்சதைப் படிச்சுத்தான். அவங்களுக்கு நான் இன்னா பண்ணேன்?" அவளே மேலும் சொன்னாள்: "ஆபீஸ்ல நான் எழுதறதெல்லாம் எந்த ஊரோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. எழுதினது நான்னு வெளியில சொல்லக்கூடக் கூடாது. இது ஒண்ணாவது என் பேரோட இருக்கட்டும்."

பெரியவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. "திறந்து வைப்பேன்னு சொல்றியே, என் புஸ்தகத்தையுமா? எவனாவது எடுத்துத் தன் பேர்ல போட்டுண்டா?"

"உங்க புத்தகம் உங்களுதுதான் தாத்தா. மாத்தற கருவியைத்தான் எல்லாருக்கும் குடுக்கறது."

அவர் மூன்று முறை கேட்டுத் தெளிவான பிறகுதான் சம்மதித்தார். நாத்தனார் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எனக்குப் புத்தகம் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. சரி என்றேன்.

திருத்திய தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் வரும் ஒவ்வொரு குறிக்கும் எந்த எழுத்து என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் அந்த மென்பொருளில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில், கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும், சேமிக்கும் வரிசையில் அது எழுத்துக்குப் பின்னால் போய்ச் சேர வேண்டும். அந்தப் பெண் சனிக்கிழமைதோறும் வந்து, நான் சொன்னதை வைத்து எழுதி ஓட்டிக் காட்டுவாள். முதல் தடவை ஓட்டியபோது 'பெருமாள்' என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் 'பரெுமாள்' என்று வந்தது.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பெருமாள் கொம்பை ஒடிச்சு அடுத்தாத்துல வெச்சுட்டேளே!" என்றார். நாத்தனார்கூடச் சிரித்துவிட்டாள்.

கொம்பு சரியானது. பிறகு 'கௌ' சரியானது. 'ஸ்ரீ' மட்டும் வெகுநாள் அடம்பிடித்தது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. அத்தனை வருடம் அந்த மென்பொருளை நான் ஓட்டியிருக்கிறேன். அது எப்படி நினைக்கிறது என்று அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். ஒருநாள் அந்தப் பெண் தான் எழுதியதை எனக்குக் காட்டி, "நீங்களே ஒரு வரி சேருங்க அக்கா" என்றாள். அவள் எழுதியிருந்த வரிகளைப் பார்த்து, அதேபோல் 'க்ஷ'வுக்கு ஒரு வரி நானே அடித்தேன். ஓட்டியதும் சரியாக வந்தது. மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

அவள் கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை வேலை முடிந்தது. பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு நானும் கூடப் போனேன். அங்கே அவள் கருவியைச் சோர்ஸ் கோடோடு நெட்டில் ஏற்றி, கூடவே ஆங்கிலத்தில் ஓர் உரிமத்தை இணைத்தாள். யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். மாற்றிக் கொடுத்தால் மாற்றியதையும் திறந்தே கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவள் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டாள். வேண்டாம் என்றேன். "க்ஷ உங்களுது அக்கா" என்றாள்.

புத்தகம் கருட சேவைக்கு வரவில்லை. எழுத்துகள் கிடைத்தனவே தவிர, பக்கங்களை வேறொரு மென்பொருளில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆடியில்தான் அச்சாகி வந்தது. பெரியவர் என்னைக் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. முன்னுரையில் 'கணினிக் கோளாறினால் தாமதம் நேர்ந்தது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதையும் நான்தான் அடித்தேன்.

நாத்தனார் சொன்னதும் நடந்தது. அடுத்த தெரு அச்சகத்தாருக்கும் லாக் போயிற்று. அவர் எங்கள் கருவியை எடுத்து ஓட்டித் தம் பழைய கோப்புகளை மீட்டுக்கொண்டார். அதோடு நிற்காமல், நாங்கள் வருடாவருடம் செய்துவந்த ஓர் உற்சவ நோட்டீஸ் வேலையையும் வாங்கிக்கொண்டார். வழியில் பார்த்தால் தலையை ஆட்டுவார். கருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

"நான் சொன்னேன் இல்ல அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"சொன்னம்மா."

"சும்மா கெடைக்கற பொருளுக்கு எவன் மரியாதை குடுப்பான்?"

எனக்கு வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். இலவசம் என்றால் எங்கள் பக்கத்தில் வரிசையில் நின்று வாங்குவதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பெண் சொன்னது வேறு. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல்லாம், அதனால் அங்கே ஓயாத குழப்பமாம். தமிழில் அந்தக் குழப்பம் வர வழியே இல்லை. ஆனாலும் கடைக்காரர்கள் எல்லோரும் இலவசத்தை மட்டும்தான் பார்த்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன்.

அதே மாதங்களில் மின்னஞ்சல்களும் வரத் தொடங்கின. கனடாவிலிருந்து ஓர் இலங்கைத் தமிழர் எழுதினார். ஊர்ச் சங்கத்தின் பழைய மலர்கள் எல்லாம் இதே மென்பொருளில் மாட்டிக்கொண்டிருந்தனவாம், இப்போது மீட்டுவிட்டாராம். நாங்கள் தவறவிட்ட தமிழ் எண்களுக்கான வரிகளை அவரே எழுதி அனுப்பியிருந்தார். நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். "நல்ல மனுசன்தான்" என்றாள். "ஆனா அவரு நம்மகிட்ட பத்திரிகை அடிக்க வரமாட்டாரே." அதுவும் உண்மைதான்.

அந்தப் பெண் கல்யாணமானதும் கணவனோடு வெளிநாடு போனாள். ஆரம்பத்தில் கேள்வி கேட்டால் பதில் எழுதுவாள். குழந்தை பிறந்த பிறகு பதில்கள் குறைந்து, பின்பு நின்றுபோயின. கடையில் புதுக் கணினி வாங்கியபோது எங்கள் கருவி அதில் ஓடவில்லை. இதுவும் சிங்கப்பூர் போன கதைதானா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்து நெட்டில் தேடினேன். கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் அதை எடுத்துப் புதுக் கணினியில் ஓடும்படி திருத்தி வைத்திருந்தார். அவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் எங்களைத் தெரியாது. கீழே எங்கள் இரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன, கனடாக்காரர் பெயரும் இருந்தது.

திறந்த மென்பொருளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களை அதற்குப் பிறகு கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் அது தீர்த்துவிடும் என்பார்கள். அவ்வளவு தூரம் எனக்கு நம்பிக்கை இல்லை. இலவசமாகக் கிடைத்த பக்கம் கட்டும் மென்பொருள் ஒன்றில் தமிழைப் போட்டால் அந்த நாளில் எழுத்து உடைந்து போகும். அதனால் வேலைக்குக் காசு கொடுத்து வாங்கியதைத்தான் வைத்திருந்தோம். எழுதுபவர்களும் சாப்பிட வேண்டும், குழந்தை வளர்க்க வேண்டும். அந்தப் பெண் பதில் போடாததில் அவள் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் போன பிறகும் அவள் செய்தது நின்றுவிடவில்லை, அதை நான் கண்ணால் பார்த்தேன். சென்னை மாடியில் அந்த மேலாளர் கையை விரித்ததையும் பார்த்தவள் நான். இரண்டையும் பார்த்த பிறகு என் எழுத்தை எதற்குள் வைப்பது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. எந்த வேலையானாலும் பக்கம் கட்டுவதற்கு முன் வெறும் எழுத்தை யூனிகோடில் தனியாக ஒரு பிரதி வைத்துவிடுவேன்.

கடைசியாக வேறொரு நிறுவனத்தின் விற்பனைக்காரர் எங்கள் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, வெயிலில் வேர்த்துப்போய் வந்தார். புதுத் தமிழ் மென்பொருள், நூற்றுக்கணக்கில் எழுத்துரு, வண்ணப் பத்திரிகைக்குத் தனி அலங்காரங்கள் என்று மடிக்கணினியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் கேட்டாள்.

"எல்லாம் சரிப்பா. நாளைக்கு உங்க கம்பெனி மூடிட்டா, நாங்க உள்ள போட்டதை வெளிய எடுக்க வழி இருக்குதா?"

அவர் விழித்தார். "கம்பெனி மூடாது மேடம்."

"மூட வேணாம், நல்லா இருக்கட்டும். வழி இருக்குதான்னுதான் கேட்டேன்."

ஆபீஸில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் அவரே வந்து, கோப்பை யூனிகோடாக வெளியே எடுக்கும் இடத்தைக் காட்டினார். நாத்தனார் பக்கத்தில் நின்று, பெரியவர் புத்தகத்தின் ஒரு பக்கத்தை உள்ளே போட்டு வெளியே எடுக்கச் சொன்னாள். எழுத்து எழுத்தாக நான் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. வாங்கினோம்.